நூர்த்த பின்னும் கண் சிமிட்டிய பல்ப்

செய்தி வந்தபோது நான் மன்னார் உப்புக்குளத்தில் ஒரு வீட்டில் ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். மின்விசிறியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, அதன் தலைக் கிண்ணத்தை மேலே தள்ளி ஆணியை முறுக்கிக்கொண்டிருந்த நேரம். கீழே மேசையில் கிடந்த என் போன் விடாமல் அடித்தது. ஏணியில் நிற்கும்போது போனைத் தொடக் கூடாது என்பது ஸ்ரெல்லா அக்கா போட்ட சட்டம். ஆகவே ஆணியை முறுக்கி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். எடுத்தால் அக்காவின் கணவர் ஜோசப் அண்ணன். "பிள்ளை, அவ எங்களை விட்டிட்டுப் போயிட்டா" என்றார்.

வீட்டுக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கள் போங்கோ அக்கா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார். நான் போகவில்லை. பாதியில் விட்ட மின்விசிறிக்குக் கீழே ஒரு மனிதரையும் படுக்க விடக் கூடாது என்பது அக்காவின் இன்னொரு சட்டம். மூக்கை முன்தானையில் துடைத்துத் துடைத்து மீதி வேலையை முடித்தேன். சுவிச்சைப் போட்டு, சுற்றுகிறதா என்று பார்த்து, நிறுத்தி, பிறகுதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்காவின் ஊரான பள்ளிமுனைக்கு ஓடினேன். அவர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால், "அழுத கண்ணோட வயர் முடிஞ்சனீரோ? திரும்பப் போய் ஒருக்காப் பாரும்" என்று என்னைத் துரத்தியிருப்பார்.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு ஸ்ரெல்லா அக்காவைத் தெரியும். உங்கள் வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டு உங்களையே அதட்டியிருப்பார். இறந்தவரைப் பற்றி எழுதும்போது, அடக்கமானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் பள்ளிமுனையே சிரிக்கும். ஸ்ரெல்லா அக்காவுக்கு அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. தான் கெட்டிக்காரி என்பதை அவர் யாருக்கும் மறைத்ததில்லை. தான் செய்த பிழையையும் அதே சத்தத்தில்தான் சொன்னார். அந்தப் பிழையைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். அவருடைய பெரிய வெற்றி அதுதான்.

நாங்கள் இருவரும் சந்தித்தது மன்னார் நகரத்தில் நடந்த ஒரு தொழிற்பயிற்சி வகுப்பில். யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பி வந்து, வீட்டுத்திட்ட வீடுகள் எழும்பி, தெருத் தெருவாக, ஒவ்வொரு ஒழுங்கையாக மின்சாரம் வந்துகொண்டிருந்த காலம். வீட்டுக்கு வயர் இழுக்கப் படிப்பிக்கும் வகுப்பு அது. வகுப்பு நிறைய மீசை முளைத்தும் முளைக்காததுமான பொடியங்கள். பெண்கள் என்று நாங்கள் இருவர் மட்டும்தான். நான் திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்து வயல் கிராமத்துக்காரி. வயல் வேலை இல்லாத மாதங்களில் கையில் ஒரு தொழில் இருக்கட்டும் என்று வந்தேன். அக்கா பள்ளிமுனை, தகப்பன் போட் வைத்திருந்தவர். அவர் ஏன் வந்தார் என்று மாஸ்ரர் கேட்டபோது எழுந்து நின்று சொன்னார்: "நடுக்கடல்ல இஞ்சின் நிண்டாலும் நான் திருத்துவன், சேர். வீட்டில ஒரு பல்ப் போடுறதுக்கு ஆம்பிளையைத் தேடி ஓட வேணுமோ?" பொடியங்கள் சிரித்தார்கள். அக்காவும் சேர்ந்து சிரித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

விளக்கோடு சேர்ந்த மின்விசிறி அப்போது எங்கள் பக்கம் புதிது. வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் வாங்கி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அதை மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே சுவிச்சில் முடிந்துவிட்டுப் போய்விடுவார்கள். சுவிச்சைப் போட்டால் காற்றும் வரும், வெளிச்சமும் வரும். படுக்கும்போது காற்று வேண்டும், வெளிச்சம் வேண்டாம். செபம் சொல்லும்போது வெளிச்சம் வேண்டும். காற்று அடித்தால் மெழுகுதிரி நிற்காது. எனவே சுவரில் இரண்டு சுவிச்சு வைத்து, இரண்டு வயரைத் தனித்தனியே மேலே ஏற்ற வேண்டும் என்று மாஸ்ரர் படம் போட்டுக் காட்டினார். அக்கா பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "புருசனும் பெண்சாதியும் ஒரு வீட்டில இருக்கலாம். ஒரு சுவிச்சில இருக்கேலாது." மாஸ்ரர் கரும்பலகையைப் பார்த்தபடியே நெடுநேரம் சிரித்தார். அந்தப் பாடம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

படித்து முடித்தோம். வேலைதான் வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "நீங்கள் வந்து பாத்திட்டுப் போறியள், சரி. வேலைக்கு ஆம்பிளை ஆர் வாறது?" என்பார்கள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உண்மையாகவே அவர்களுக்கு விளங்கவில்லை. பள்ளிமுனையில் வயர் வேலை என்றால் வின்சன் அண்ணன். போட் இஞ்சின் திருத்திக்கொண்டிருந்தவர், கரண்ட் வந்ததும் வீட்டு வேலைக்கு மாறியவர். நல்ல மனிதர். நாளைக்கு வாறன் என்பார். அந்த நாளைதான் வராது. அந்தப் பழக்கம்தான் எங்களுக்கு வழி திறந்தது.

றெஜினா மாமியை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோயில் மாதர் சபைத் தலைவி, அந்த ஒழுங்கையில் யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை அறிந்தவர். அவருடைய மகன் விளக்கு வைத்த மின்விசிறி ஒன்று அனுப்பியிருந்தார். பேரன் கோயிலில் முதல் நன்மை வாங்கும் சடங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. வின்சன் அண்ணனோ இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தார். மாமி பொறுமை இழந்து எங்களைக் கூப்பிட்டார். வாசலிலேயே நிற்பாட்டிவைத்து, விரலை நீட்டிச் சொன்னார்: "இஞ்ச பாருங்கோ. சரியா வந்தால் இந்த ஒழுங்கை முழுக்க நானே சொல்லுவன். பிழைச்சால் அதையும் நானே சொல்லுவன்."

எங்கள் இருவரின் தொழிலும் அந்த ஒரு வீட்டில் தொங்கியது. பிழை வந்தால் மன்னார்த் தீவில் இனி ஒருவரும் எங்களைத் தங்கள் கூரைக்குக் கீழே ஏணி வைக்க விடமாட்டார்கள். நான் பைக்குள் இருந்த சாமான்களை மறுபடி மறுபடி எண்ணினேன். அக்காவோ, "மாமி, பேரனுக்கு உடுப்புத் தைக்கக் குடுத்தாச்சோ? ஃபானைப் பற்றி நீங்கள் யோசியாதேங்கோ" என்றார்.

முதல் வேலை என்பதால் அன்று ஏணியில் என்னை ஏற விடவில்லை. சுவரில் குழாய் பதிக்கிற வேலையும் ஏணியைப் பிடிக்கிற வேலையும் எனக்கு. மேலேயும் சுவிச்சுப் பெட்டிக்குள்ளேயும் வயர்களை முடிந்து இணைப்பது அவர். வேர்த்து ஒழுகியது. மாமி கதிரையைப் போட்டு உட்கார்ந்து எங்கள் ஒவ்வொரு அசைவையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா மாமியைக் கூப்பிட்டு, "நீங்களே போடுங்கோ" என்றார். ஒரு சுவிச்சு: விசிறி சுற்றியது. மற்றது: விளக்கு எரிந்தது. இதை நிறுத்த, அது தனியே ஓடியது. அதை நிறுத்த, இது தனியே எரிந்தது. மாமி பலமுறை போட்டுப் போட்டு நிறுத்தினார், ஒரு சின்னப்பிள்ளையின் சந்தோசத்தோடு. தேத்தண்ணியும் பணிசும் வந்தன. அன்று பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போக நேர்வழியைப் பிடிக்கவில்லை. எல்லா ஒழுங்கைக்குள்ளாலும் சுற்றி, கண்ட கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் போனார்.

மறுநாள் காலை மாமியிடமிருந்து ஆள் வந்தது. உடனே வரட்டாம். நாங்கள் போனபோது வீட்டு வாசலில் சனம் கூடியிருந்தது. யன்னல் கம்பியில் குருத்தோலைச் சிலுவை செருகியிருந்தது. அறை நிலத்தில் தீர்த்தம் தெளித்த ஈரம். மாமி செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "நான் லைற்றை நிப்பாட்டி நூத்துப்போட்டுப் படுத்தனான். அது நூரேல்லை. கண் சிமிட்டுது. சிமிட்டும், நிக்கும், பிறகும் சிமிட்டும். என்ர மனுசன் உயிரோட இருக்கேக்கையும் என்னை லைற் நூக்க விடாது. அதுதான் வந்திட்டுதோ தெரியேல்லை."

யன்னல்களைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தோம். உண்மைதான். சுவிச்சு நிறுத்தியிருந்தது, அந்த வெள்ளை முறுக்குப் பல்ப் உள்ளுக்குள் பளிச்சென்று ஒரு நொடி மினுங்கி அடங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடி மினுங்கியது. வாசலில் நின்ற பெண்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். நான் ஏணியை வைத்து ஏறினேன். ரெஸ்ரர் என்று நாங்கள் சொல்வது, கைப்பிடிக்குள் சிறு விளக்கு வைத்த ஸ்குறூட்றைவர்; மின்சாரம் உள்ள இடத்தில் முனை பட்டால் அந்த விளக்கு எரியும். சுவிச்சு நிறுத்தியபடியே இருக்க, பல்ப்பைக் கழற்றாமல், வயர் முடிந்த இடத்தில் முனையை வைத்தேன். எரிந்தது. விசிறியின் முடிச்சில் வைத்தேன். அங்கும் எரிந்தது.

"அக்கா, நிப்பாட்டினாப் பிறகும் மேல கரண்ட் நிக்குது" என்றேன். நான் மெதுவாகச் சொன்னேன், சனத்துக்குக் கேட்கக் கூடாது என்று. அக்கா என்னைப் பார்த்தார், சுவிச்சைப் பார்த்தார், தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "ஐயோ, அப்பா!" என்றார்.

அவருடைய தகப்பனுக்கு ஒரு வைராக்கியம் இருந்தது. போட்டில் பற்றரியிலிருந்து விளக்குக்கு இரண்டு வயர் போகும், சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. சுவிச்சு வைக்க ஏதாவது ஒன்றை வெட்டித்தான் ஆக வேண்டும். உப்புக்காற்றில் வெட்டிய இடம் களிம்பு பூத்துப்போகும்; சிவப்பு இன்னும் விரைவாகப் போகும். ஆகவே, "சிவப்பை வெட்டாதே, கறுப்பை வெட்டு" என்று மகளுக்குப் படிப்பித்திருந்தார். பற்றரிக்கு அதனால் ஒரு தீங்கும் இல்லை. எங்கள் கடற்கரை முழுக்க அப்படித்தான் போட் விளக்கைப் பூட்டினார்கள். ஆனால் வீட்டு மின்சாரம் வேறு. சிவப்பில் வரும், கறுப்பில் திரும்பிப் போகும். சுவிச்சு, வருகிற வழியில் நிற்க வேண்டும். அப்போதுதான் நிறுத்தியதும் மேலே ஒன்றும் இருக்காது. போகிற வழியில் வைத்தால் விசிறியும் நிற்கும், விளக்கும் நூரும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். மின்சாரமோ இரவும் பகலும் மேலே வந்து காத்துக்கொண்டே நிற்கும். சுவிச்சை நிறுத்திவிட்டேன் என்று நம்பி யாராவது பல்ப் மாற்றக் கை வைத்தால் ஆளே முடிந்துவிடும். இதை மாஸ்ரர் படிப்பித்தார். அக்கா கேட்டார், தலையாட்டினார். பிற்காலத்தில் அதை அவரே ஒரு வரியில் சொல்வார்: "காது மாஸ்ரரிட்ட இருந்தது. கை அப்பாவிட்ட இருந்தது."

இதற்குள் வின்சன் அண்ணன் வந்துவிட்டார். எங்களைக் கேலி செய்ய வந்தார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் அக்காவை ஓரமாக இழுத்துப் போய், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: "ஸ்ரெல்லா, உதை ஏன் பெரிசாக்கிறீர்? இந்தப் பல்ப்தான் சிமிட்டும். பழைய குண்டு பல்ப் ஒண்டு போட்டுவிடும், சிமிட்டாது. ஃபான் சுத்துது, லைற் எரியுது. ஆருக்குத் தெரியப் போகுது?"

நான் ஏணியில் நின்றபடி அதைக் கேட்டேன். ஒரு குண்டு பல்ப். அவ்வளவுதான் தேவை. மாமி சந்தோசப்படுவார், சனம் கலைந்து போகும், எங்கள் பெயர் தப்பும். பிறகு ஒருநாள் யாருக்கும் தெரியாமல் வந்து திருத்திக்கொள்ளலாம் என்றுகூட என் மனம் கணக்குப் போட்டது. அக்காவின் முகம் சிவந்திருந்தது. அவர் மாமியின் மேசையில் கையால் ஓங்கி அடித்தார்.

"எல்லாரும் இஞ்ச கேளுங்கோ!" என்றார். "பேயும் இல்லை, பிசாசும் இல்லை, மாமியின்ர மனுசனும் வரேல்லை. பிழை விட்டது நான். இந்த ஃபான் சுத்தும், லைற் எரியும். ஆனா நூத்துப்போட்டுப் பல்ப்பில கை வைச்சால் மாமி மேல போய்ச் சேருவா. இப்ப உங்கட கண்ணுக்கு முன்னால திருத்தப் போறன். ஒருத்தரும் போகாதேங்கோ."

"நான் மேல போறதோ?" என்று கேட்டு மாமி கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

மெயின் சுவிச்சை நிறுத்தினோம். சுவிச்சுப் பெட்டிக்குள் இரண்டு முனைகளை மாற்றிப் போட்டாலே போதும், பத்திரமாகிவிடும் என்று வின்சன் அண்ணன் சொன்னார். அது சரிதான். ஆனால் அப்படிச் செய்தால் மேலே சிவப்பு வயர் கறுப்பின் வேலையைச் செய்யும். நாளைக்கு வேறொருவர் திறந்து பார்த்து நிறத்தை நம்பினால் மாட்டிக்கொள்வார். "நிறம் பொய் சொல்லக் கூடாது" என்று அக்கா ஏணியில் ஏறி எல்லாவற்றையும் கழற்றினார். கழற்றும்போது வாயும் ஓயவில்லை. எது வரும் வயர், எது போகும் வயர், சுவிச்சு எங்கே நிற்க வேண்டும் என்று கீழே நின்ற பெண்களுக்கு உரத்துச் சொல்லிக்கொண்டே வயர்களைத் திரும்ப முடிந்தார். முன்பு பயந்து நின்றவர்கள் இப்போது கிட்ட வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். முடிந்ததும் மெயினைப் போட்டு, சுவிச்சுகளை நிறுத்திவைத்து, ரெஸ்ரரை மேலே கொண்டுபோனார். எரியவில்லை. அறையை இருட்டாக்கினார்கள். பல்ப் செத்த மீனின் கண்போல அசையாமல் கிடந்தது. யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் ஏணியைப் பிடித்தபடி அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அக்கா அதோடு விடவில்லை. "வாங்கோ என்ர வீட்டை" என்றார். அவர் வீட்டில் இருந்த விளக்கு வைத்த மின்விசிறியும் அவரே மாட்டியது, வகுப்பில் சேர்ந்த புதிதில். பள்ளிமுனை முழுக்கக் காட்டிக் காட்டிப் பெருமையடித்த மின்விசிறி. சனம் ஊர்வலம்போலப் பின்னால் வந்தது. அங்கும் நிறுத்திவிட்டு ரெஸ்ரரை வைத்தார். எரிந்தது. ஜோசப் அண்ணன் அப்போதுதான் கரையிலிருந்து வந்திருந்தார். "இதில நான் எத்தனை பல்ப் மாத்தியிருப்பன்!" என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் எப்போதும் ஆட்கள் உட்காருகிற காய்ந்த மர வாங்கு ஒன்றில் செருப்போடு ஏறி நின்றுதான் பல்ப் மாற்றுவாராம். அக்கா அந்த வாங்கைத் தடவிக்கொடுத்துச் சொன்னார்: "இந்த மனுசன் உயிரோட இருக்கிறது என்ர கெட்டித்தனம் இல்லை. இந்த வாங்கின்ர கெட்டித்தனம்." சிரிப்பில் வீடு அதிர்ந்தது. ஜோசப் அண்ணனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கோயில் வளவில் நின்றபோது றெஜினா மாமி தன் வாக்கைக் காப்பாற்றினார். எனக்கு இதைச் சொன்னவர்கள் பலர். ஒவ்வொருவரும் மாமியைப் போலவே விரலை நீட்டித்தான் சொன்னார்கள். "ஸ்ரெல்லா என்ர வீட்டில பிழை விட்டவள். நான் சொல்லுவன் எண்டு சொன்னனான், சொல்லுறன். ஆனா பிழையைக் கண்டுபிடிச்சதும் அவளவைதான், ஊருக்கு முன்னால திருத்தினதும் அவளவைதான். உங்கட வீட்டுச் சுவிச்சை ஆர் பாத்தது?"

அந்தக் கேள்விதான் எங்கள் வாழ்க்கையை மாற்றியது. அடுத்த நாளே ஆள் மாறி ஆள் வந்து கூப்பிட்டார்கள். ஒழுங்கையில் வீடு வீடாகப் போய் நிறுத்திய விளக்குகளில் ரெஸ்ரரை வைத்தோம். இங்கே எரிந்தது, அங்கே எரிந்தது. கடற்கரையில் வயர் பிடித்தவர்கள் எல்லோரும் போட்டில் பழகியவர்கள். எல்லோருடைய கைக்கும் அந்த ஒரே பழக்கம். யாரும் கள்ள வேலை செய்யவில்லை. கறுப்பை வெட்டுவதுதான் நல்ல வேலை என்று மனதார நம்பிச் செய்திருந்தார்கள். ஒருநாள் வின்சன் அண்ணனே தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "ஸ்ரெல்லா, என்ர வீட்டையும் ஒருக்கா வந்து பாருமன்" என்றார். அக்கா அவரைக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. "உமக்கும் உம்மட அப்பாதானே படிப்பிச்சவர்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பெரிய வேலைகளில் வின்சன் அண்ணனும் எங்களோடு சேர்ந்தார். சொன்ன நாளில் வரவும் பழகிக்கொண்டார். அது அக்கா செய்த இன்னொரு அற்புதம்.

தீவுக்கு வெளியேயும் எங்கள் பெயர் போனது. திருக்கேதீஸ்வரம் சிவன் கோயில் பக்கத்தில் யாத்திரிகர் தங்குகிற மடம் ஒன்றில் விளக்கோடு மின்விசிறிகள் மாட்டக் கூப்பிட்டார்கள். எனக்குப் பெருமை, என் ஊர்ப் பக்கம், என் சமயத்துக் கோயில். மடத்துப் பெரியவர் அக்காவின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "தங்கச்சி, குறை நினையாதேங்கோ. மச்சம் மாமிசம் சாப்பிட்டுட்டு இஞ்ச வாறேல்லைத்தானே?" என்று பணிவாகக் கேட்டார். அக்கா இடுப்பில் கை வைத்தார். "ஐயா, இது எங்களுக்குத் தவக்காலம். இந்தக் காலம் முழுக்க நான் மரக்கறிதான். உங்கட ஆளெண்டு கூட்டி வந்த இவளைக் கேளுங்கோ, நேற்று எங்க வீட்டில மீன் சாப்பிட்டது ஆரெண்டு!" என்றார். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மத்தியானம் அந்த மடத்துச் சாப்பாட்டை அக்கா இரண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டார், பெரியவர் கையாலேயே.

நோய் வருத்தம் வந்து படுத்த பிறகும் அவர் மாறவில்லை. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். மெலிந்திருந்தார், குரலும் இறங்கியிருந்தது. செபம் சொல்லிச் சுகமாக்கலாம் என்று யாரோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "இப்ப எங்க வேலை? றெகுலேற்றர் நல்லதாப் போடுறீரோ?" என்று கேட்டார். பிறகு, "சந்திரா, நான் சந்தோசமா வாழ்ந்தனான், தெரியுமோ?" என்றார். தெரியும் என்றேன். "தெரிஞ்சால் ஏன் மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கிறீர்?" என்று அதட்டினார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது.

அவரை அடக்கம் செய்த நாளில் சேமக்காலை நிரம்பி வழிந்தது. றெஜினா மாமியைப் பேரன் கைபிடித்துக் கூட்டி வந்தான். பேரன் இப்போது மாமியைவிட உயரம். மடத்துப் பெரியவர் பஸ் பிடித்து வந்திருந்தார். வின்சன் அண்ணன் பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவர். அந்தக் கூட்டத்தில் எத்தனையோ முகங்களை நான் கூரையின் உயரத்திலிருந்து பார்த்துப் பழகியவள். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு அறை, ஒரு சுவிச்சு நினைவுக்கு வந்தது. அத்தனை பேரும் நிறுத்திய விளக்கில் பயமில்லாமல் கை வைக்கிறவர்கள். எனக்கு அழுகை வந்தது, உண்மை. அதைவிடப் பெருமைதான் கூட வந்தது.

அவருடைய சுத்தியலும் உளியும் ஏணியும் என்னிடம்தான் இருக்கின்றன. ஜோசப் அண்ணன் கொண்டுவந்து தந்தார். நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது வேறொன்றும் உண்டு. எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாமல் இருந்து, போன கிழமை பேசாலையில் வெளியே வந்தது.

புதிதாகக் கட்டிய ஒரு வீடு. வயர் இழுத்தவர் வேறொருவர். என்னை விளக்கு வைத்த விசிறி மாட்ட மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். மாட்டி முடித்து, சுவிச்சை நிறுத்தி, ரெஸ்ரரை வைத்தேன். எரிந்தது. வயர் இழுத்தவரிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "சுத்துதுதானே, எரியுதுதானே, விடுங்கோ" என்றார். வீட்டுக்காரர்கள் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்தேன். "எல்லாரும் இஞ்ச வாங்கோ! ஒருத்தரும் போகாதேங்கோ!" அவ்வளவு பெரிய சத்தம் என் தொண்டையிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. அடுப்படியிலிருந்து வந்தார்கள், அடுத்த வீட்டிலிருந்தும் வந்தார்கள். வயர் இழுத்தவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு மூத்தவர், வயதான கடல்தொழிலாளி ஒருவர், கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "நீர் ஆர், பிள்ளை?" என்றார்.

"பள்ளிமுனை ஸ்ரெல்லாவின்ர ஆள்" என்றேன்.

அவர் மகன்மார் பக்கம் திரும்பினார். "அப்ப என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? போய் மெயினை நிப்பாட்டுங்கோ!"